பாட்டின் உடைமை: ஆனி டிஃபிராங்கோவின் சுயாதீன இசைப்பணி பற்றிய ஒரு மதிப்பீடு

1

ஒரு பாட்டை ஆக்கியவர் யார் என்ற வினாவுக்கு விடை கூறுதல் எளிது. அப்பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற வினாவுக்கு விடை கூறுதல் அத்துணை எளிதன்று. நாட்டார் பாடல் இயல்பாக வழங்கிய சமூகங்களில் இவ்வினா எழவேயில்லை எனலாம். வயலிலும் கடலிலும் சுரங்கத்திலும் பிறந்த பாட்டு, பாடியவர்க்கும் கேட்டவர்க்கும் பொதுவாயிருந்தது. ஒலிப்பதிவுக் கருவி வந்ததன் பின்னர் பாட்டு விற்கவும் வாங்கவும் கூடிய பண்டமாயிற்று. பண்டம் என்று ஆனபின் அதற்கு உடைமையாளர் ஒருவர் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் ஐக்கிய அமெரிக்காவில் அந்த உடைமையாளர் பெரும்பாலும் பாடியவர் அல்லர். அவரது குரலைப் பதிவுசெய்த கம்பனியே.

இந்த ஏற்பாட்டுக்கு உட்பட மறுத்து, முதலாவது இசைத்தொகுப்பு முதல் இன்றுவரை தம் பாடல்களைத் தமது சொந்த நிறுவனத்தின் மூலமே வெளியிட்டு வருபவர் ஆனி டிஃபிராங்கோ. கிற்றார்க் கலைஞர், பாடலாசிரியர், பாடகர் என மூவகையாலும் அறியப்பட்டவர். அவரைக் குறித்து இருவேறு மதிப்பீடுகள் வழங்குகின்றன. பெருங்கம்பனிகளை எதிர்த்து நின்று வென்ற வீராங்கனை என்பது ஒன்று. தம் சொந்த வாழ்வின் காதலையும் கசப்பையும் பாடி, அப்பாடல்களைத் தாமே விற்றுப் பொருளீட்டிய ஒரு சிறு முதலாளி என்பது மற்றையது. முதலாவது மதிப்பீடு சுயாதீனத்தையே கலையின் பெறுமதியாகக் கொள்கிறது. இரண்டாவது மதிப்பீடு, உற்பத்தியுறவில் நிகழ்ந்த ஒரு மாற்றம் கலையின் உருவத்தில் ஏற்படுத்திய விளைவைக் காணத் தவறுகிறது. சுயாதீனம் அவருக்கு எதனைத் தந்தது, எதனைத் தரவில்லை என்பதை அவரது ஆக்கங்களின் வழியாகவும் அவரது வாழ்வில் நேர்ந்த ஒரு சோதனையின் வழியாகவும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

டிஃபிராங்கோ 1970ஆம் ஆண்டு நியூ யோர்க் மாநிலத்தின் பஃபலோ நகரிற் பிறந்தவர். பஃபலோ உருக்காலைகளாலும் தானியக் களஞ்சியங்களாலும் வளர்ந்த தொழிலாளர் நகரம். அதன் அயலிலுள்ள லக்கவானாவில் இயங்கிய பெத்லகேம் உருக்காலை 1983இல் உருக்கு உற்பத்தியை நிறுத்தியபோது அவர் பதின்மூன்று வயதை எட்டிக்கொண்டிருந்த சிறுமி. வேலையிழந்த நகரமொன்றின் மதுச்சாலைகளும் கோப்பிக்கடைகளுமே அவரது முதலாவது அரங்குகள். ஒன்பது வயதளவில், தமக்குக் கிற்றார் கற்பித்த உள்ளூர் நாட்டார் பாடகர் மைக்கல் மெல்ட்றமுடன் அவர் மேடையேறினார். பதினைந்தாம் வயதில் தாயார் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தபோது, சட்டப்படி சுதந்திரமான ஆளாகத் தம்மை ஆக்கிக்கொண்டு பஃபலோவிலேயே தங்கினார். பின்னர் நியூ யோர்க் மாநகர் சென்று, 'நியூ ஸ்கூல்' எனப்படும் உயர்கல்வி நிறுவனத்தில் கறுப்பினக் கவிஞர் செக்கு சுந்தியாட்டாவிடம் கவிதை பயின்றார். சொல்லை ஓசையாகவும் ஓசையைச் சொல்லாகவும் நிகழ்த்தும் அக்கவிஞரின் முறை அவரிடம் ஆழப் பதிந்தது. 2000ஆம் ஆண்டில் சுந்தியாட்டாவின் இசைத்தொகுப்பொன்றைத் தமது நிறுவனத்தின் மூலம் வெளியிட்டதும் இந்த உறவின் தொடர்ச்சியே.

1990இல் தமது பெயரையே தலைப்பாகக் கொண்ட முதலாவது தொகுப்பை அவர் வெளியிட்டார். இதற்கென ஆரம்பித்த நிறுவனமே பிற்காலத்தில் 'ரைச்சஸ் பேப் றெக்கோட்ஸ்' என்ற பெயரில் நிலைபெற்றது. ஊர் ஊராகச் சென்று பாடுவதும், பாடிய இடத்திலேயே ஒலிநாடாக்களை விற்பதும், அந்தப் பணத்தில் அடுத்த தொகுப்பைப் பதிவுசெய்வதும் அவரது தொழில்முறையாயின.

இம்முறை முற்றிலும் புதிதன்று. மோசஸ் ஆஷ் 1948இல் நிறுவிய 'ஃபோக்வேஸ்' வூடி கத்ரியின் குரலைப் பேணிக் காத்தது. கிற்றார்க் கலைஞர் ஜோன் ஃபேஹி 1959இல் 'டகோமா' என்ற நிறுவனத்தைத் தமக்கென ஆரம்பித்தார். பெண்கள் தாமே நடத்திய 'ஒலிவியா றெக்கோட்ஸ்' 1973இல் தோன்றியது. டிஃபிராங்கோ இந்த மரபின் வாரிசு. ஆயினும் அவரது காலத்தின் நிலைமை வேறு. 1990களில் உலக இசை வணிகத்தின் பெரும்பகுதி ஆறு கம்பனிகளின் கையில் இருந்தது. 1996இல் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டம் வானொலி நிலையங்களைச் சில உடைமையாளர்களிடம் குவியச் செய்தது.

இத்தகைய கம்பனிகளின் ஒப்பந்தம் இயங்கும் விதத்தை ஈண்டு சுருக்கமாக நோக்குதல் தகும். கம்பனி கலைஞருக்கு முற்பணம் கொடுக்கும். ஒலிப்பதிவுச் செலவும் விளம்பரச் செலவின் ஒரு பகுதியும் அம்முற்பணத்தோடு சேர்த்துக் கலைஞரின் கணக்கில் எழுதப்படும். கலைஞருக்குரிய சிறு வீதப் பங்கிலிருந்து அக்கடன் முழுவதும் கழிந்த பின்னரே அவர் கைக்குப் பணம் வரும். கடன் முற்றாகத் தீர்ந்தாலும் மூலப்பதிவு கம்பனியின் சொத்தாகவே இருக்கும். குத்தகை நிலத்தை உழுபவனின் நிலையை அறிந்தவர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை. புகழின் உச்சியில் நின்ற பிரின்ஸ் என்ற கலைஞரே, வோணர் கம்பனியுடன் இதுபற்றிப் பிணங்கியபோது, தம் கன்னத்தில் 'அடிமை' என்று எழுதிக்கொண்டு மக்கள் முன் தோன்றினார். 1999இல் அவரும் டிஃபிராங்கோவும் ஒருவர் மற்றவரின் தொகுப்பில் பங்குகொண்டமை இந்தப் பின்னணியில் வைத்து நோக்கத்தக்கது.

3

இனி உருவத்துக்கு வருவோம். டிஃபிராங்கோவின் கிற்றார் வாசிப்பை முதன்முறை கேட்பவர் ஒருவர் வாசிக்கிறாரா, இருவர் வாசிக்கின்றனரா என ஐயுறுவர். அவர் வாசிப்பது உருக்குத் தந்தி பூட்டிய சாதாரண மரக் கிற்றார். ஆறு தந்திகளையும் வழமையான சுருதியில் வைத்திராமல், பாட்டுக்குப் பாட்டு வெவ்வேறு சுருதிகளில் அமைத்துக்கொள்கிறார். வலக்கை விரல்களில் ஒட்டு நகங்களைப் பொருத்தி, மின்கம்பிக்குச் சுற்றும் ஒட்டுநாடாவால் அவற்றை இறுகச் சுற்றிக்கொள்கிறார். பெருவிரல் கீழ்ச்சுரத் தந்திகளை இடைவிடாது செலுத்த, ஏனைய விரல்கள் மேற்றந்திகளைக் கொளுவி இழுத்து விடுகின்றன. தந்தி பலகையில் அறைந்து எழுப்பும் ஒலி பறையின் வேலையைச் செய்கிறது. சுரத்துக்கும் தாளத்துக்கும் இடையிலுள்ள எல்லை இங்கு அழிந்துவிடுகிறது.

இந்த வாசிப்பு முறையை வெறும் தனித்திறமை என்று கொண்டு அமைந்துவிடலாகாது. அதன் பிறப்பிடம் மதுச்சாலை. அங்கு கூடியிருப்போர் பாட்டுக் கேட்க வந்தவரல்லர். அவர்களுடைய பேச்சையும் குவளைகளின் ஒலியையும் ஊடறுத்துச் செல்ல, வாத்தியக் குழுவை அமர்த்தப் பணமில்லாத ஓர் இளம்பெண்ணிடம் இருந்தவை ஒரு கிற்றாரும் ஒரு குரலுமே. ஆகவே ஒரு கிற்றாரே முழுக்குழுவாக வேண்டியிருந்தது. அறுபதுகளின் நாட்டார் இசை மறுமலர்ச்சியிற் பழகிய மென்மையான விரல்வாசிப்பு அவ்விடத்தில் எடுபட்டிராது. பொருளாதார நிர்ப்பந்தம் ஒன்று கலையுருவமாக மாறிய விதத்துக்கு இதனைச் சிறந்த எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தொழில்முறைத் தயாரிப்பாளர் ஒருவரின் கையில் முதல் தொகுப்பிலேயே அகப்பட்டிருந்தால், அந்த அறைதல்களும் மூச்சொலிகளும் குறைகளெனக் களையப்பட்டிருக்கக்கூடும். சுயாதீனம் அவருக்குத் தந்த முதலாவது பயன் பணமன்று. தம் இயல்பான ஒலியைச் செப்பனிடாமல் பேணிக்கொள்ளும் உரிமையே.

குரலும் அவ்வாறே. பேச்சாகத் தொடங்கும் அடி பாட்டாக எழுந்து, சினமாக உயர்ந்து, சிரிப்பாக உடைகிறது. 1997இல் வெளிவந்த 'லிவிங் இன் கிளிப்' என்ற இரட்டைத் தொகுப்பு மேடை நிகழ்ச்சிகளிற் பதிவானது. அன்டி ஸ்டொச்சான்ஸ்கியின் முரசும் சாரா லீயின் பேஸ் கிற்றாரும் துணைநிற்கும் இத்தொகுப்பே அவருடைய கலையின் முழுமையான வடிவம் என்பது என் துணிபு. இதே பாடல்களில் அநேகம் கலையகப் பதிவுகளில் மெலிந்தும் அவசரமாகவும் ஒலிக்கின்றன. மேடையில் கேட்போரின் ஆரவாரம் பாட்டின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. விற்பனையில் அமெரிக்கத் தங்கத்தட்டுத் தகுதி பெற்றதும் இதுவே. கம்பனி விளம்பரமின்றி ஊர் ஊராகச் சென்று திரட்டிய கூட்டத்தின் குரல் அதில் கேட்கிறது.

4

உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை, 'தனிவாழ்வும் அரசியலே' என்ற பெண்விடுதலை இயக்கத்தின் கோட்பாட்டைப் பாட்டில் வாழ்ந்து காட்டியவர் அவர். முதலாவது தொகுப்பிலுள்ள 'லொஸ்ற் வுமன் சோங்' கருக்கலைப்பு நிலையத்துக்குச் செல்லும் ஓர் இளம்பெண்ணின் அனுபவத்தைக் கூறுகிறது. கறுப்பினப் பெண்கவிஞர் லூசில் கிளிஃப்டனுக்குக் காணிக்கையாக்கப்பட்ட பாடல் அது. கிளிஃப்டன் இதே துயரைத் தம் கவிதையொன்றிற் பாடியிருந்தார். அழுதிரக்கம் கோராமலும் கோஷம் எழுப்பாமலும், நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு கூறுவதன் மூலம் அந்தப் பாடல் வலிமை பெறுகிறது. 1995இல் வந்த 'நொட் எ பிறிற்றி கேள்' தொகுப்பின் தலைப்புப் பாடல், பெண்ணை அழகுப் பொருளாகவும் மீட்கப்படவேண்டிய அபலையாகவும் காணும் இருவகைப் பார்வைகளையும் ஒருங்கே மறுக்கிறது.

ஆயினும் அவரது ஆக்கங்கள் அனைத்தும் இத்தரத்தின அல்ல. 1990 தொடக்கம் 2008 வரை ஏறத்தாழ ஆண்டுக்கொரு தொகுப்பு வெளிவந்தது. 1999இல் மாத்திரம் மூன்று வெளிவந்தன. இவற்றுள் ஒருமுறை கேட்டு மறந்துவிடக்கூடிய பாடல்கள் பல. உவமைகள் தடித்தும், சொல்விளையாட்டுகள் மிகுந்தும், அரசியற் கூற்றுகள் மேடைப் பேச்சாகவும் அமைந்துவிடும் இடங்கள் உண்டு. கம்பனி இல்லையென்றால் தணிக்கையாளர் இல்லை. கூடவே, 'இது போதாது, மீண்டும் எழுது' எனக் கூறும் பதிப்பாசிரியரும் இல்லை. 2004ஆம் ஆண்டின் 'எடியுகேற்றட் கெஸ்' தொகுப்பில் எல்லா வாத்தியங்களையும் தாமே வாசித்து, ஒலிப்பதிவையும் தாமே செய்தார். சுயாதீனம் இங்கு தனிமையின் எல்லையைத் தொட்டுவிட்டது. மறு ஆண்டே 'நக்கிள் டவுன்' தொகுப்புக்கு ஜோ ஹென்றியை இணைத் தயாரிப்பாளராக ஏற்றார். இன்னொருவரின் காது கலைஞருக்கு இன்றியமையாதது என்பதை அவர் உணர்ந்தமைக்கு இது சான்று. அத்தொகுப்பின் செறிவு அந்த முடிவின் நியாயத்தை உணர்த்துகிறது.

5

1990களின் நடுப்பகுதியில் வணிகப் பத்திரிகைகள் அவரைக் கண்டுபிடித்தன. பாட்டைக் குறித்து அவை எழுதியது சொற்பம். ஒவ்வொரு இசைத்தட்டிலும் பெருங்கம்பனிப் பாடகரைவிட அவருக்கு எவ்வளவு அதிகம் கிடைக்கிறது என்பதே அவற்றின் வியப்பு. 'மிஸ்' என்னும் பெண்ணியச் சஞ்சிகையும் இதே அளவுகோலால் அவரைப் பாராட்டியபோது, 1997இல் அவர் அதற்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தம்மை ஒரு நிறுவனத்தின் தலைவியாக நினைவுகூர வேண்டாம், பாடலாசிரியராகவும் கதைசொல்லியாகவும் நினைவுகூர்ந்தாற் போதும் என்பது அதன் சாரம். பெருங்கம்பனியில் அதிக ஆதாயம் பெறுவதற்கு வழியிருந்தும் தாம் அதனை நாடவில்லை என்பதையும் அவர் சுட்டினார். எதிர்ப்பையும் ஒரு வெற்றிக் கதையாக மாற்றித் தன்வயப்படுத்தும் முதலாளித்துவத்தின் ஆற்றலை அவர் அன்றே இனங்கண்டார் எனலாம்.

இக்காலப்பகுதியில் அவர் செய்த ஆகச் சிறந்த பணி யூற்றா பிலிப்ஸுடன் இணைந்தமையாகும். பிலிப்ஸ் (1935 - 2008) போருக்குப் பிந்திய கொரியாவிற் படைவீரராயிருந்து போரை வெறுத்தவர்; 1905இல் சிக்காகோவில் தோன்றிய உலகத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர்; சரக்கு ரயில்களில் ஏறித் திரிந்து, தொழிலாளர் கதைகளைச் சேகரித்துச் சொன்னவர். டிஃபிராங்கோ அவரது மேடைப் பேச்சுகளின் ஒலிநாடாக்களைப் பெற்று, அவற்றிலுள்ள கதைகளைத் தெரிந்தெடுத்து, தமது தலைமுறைக்குப் பழக்கமான தாளக்கட்டைப் பின்னணியில் அமைத்து, 1996இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டார். 1999இல் இருவரும் ஒன்றாகக் கூடிப் பதிவுசெய்த 'ஃபெலோ வேக்கர்ஸ்' ஜோ ஹில், மதர் ஜோன்ஸ் ஆகிய தொழிலாளர் இயக்க முன்னோடிகளின் கதைகளை உள்ளடக்கியது. சங்க வரலாற்றை அறிந்திராத கல்லூரி மாணவர் பலர் இத்தொகுப்புகளின் வாயிலாகவே அதனைக் கேட்டனர். இங்கு டிஃபிராங்கோ தம்மைப் பாடவில்லை. பெரும்பாலும் தாம் வாய்திறக்கவுமில்லை. மரபைப் பேணுதல் என்பது பழைய பாட்டைப் பழையபடி பாடுவதன்று, அதன் நினைவைப் புதிய காதுகளுக்கு எட்டச் செய்வது என்பதை இத்தொகுப்புகள் நிறுவுகின்றன.

6

இவ்வளவு கூறியபின், 2013ஆம் ஆண்டு நிகழ்வை ஒதுக்கிவிடுதல் விமர்சன நேர்மையாகாது. அவ்வாண்டு டிசம்பரில், பாடல் எழுதும் பயிற்சி முகாமொன்று டிஃபிராங்கோ தலைமையில் லூசியானா மாநிலத்தின் நொட்டோவே என்ற தோட்ட மாளிகையில் நடைபெறும் என அறிவிக்கப்பட்டது. நொட்டோவே 1859இல் கட்டிமுடிக்கப்பட்ட கரும்புத் தோட்ட மாளிகை. அதன் உரிமையாளரான ஜோன் ஹம்ப்டன் ரன்டொல்ஃப் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். பிற்காலத்தில் அது உல்லாச விடுதியாகியது. 2025 மே மாதத்தில் எரிந்து அழியும்வரை அங்கு திருமணங்களும் விருந்துகளும் நடந்தன.

அறிவித்தல் வெளியானதும் கறுப்பினப் பெண்கள் பலர் கடுமையாக எதிர்த்தனர். டிசம்பர் 29ஆம் திகதி முகாம் கைவிடப்பட்டது. ஆனால் அன்று டிஃபிராங்கோ வெளியிட்ட நீண்ட அறிக்கை, இடத்தைத் தெரிந்தவர் ஏற்பாட்டாளரே எனவும், அவ்விடத்தின் வரலாறு முகாமில் உரையாடலுக்கு வழிவகுக்கும் எனத் தாம் எண்ணியதாகவும் கூறியது. எதிர்த்தவர்களின் வேதனையைக் கேட்பதற்கு முன் தம் நோக்கத்தை நிறுவ அது முற்பட்டது. 2014 ஜனவரி 2ஆம் திகதி வெளியிட்ட சுருக்கமான இரண்டாவது அறிக்கையிலேயே அவர் மன்னிப்புக் கேட்டார்.

இதனைத் தனிமனிதரின் ஒழுக்கக் குறைபாடாகக் கொண்டு தண்டிப்பதோ, சிறு தவறென மன்னிப்பதோ நமது வேலையன்று. நோக்கவேண்டியது முரண்பாட்டின் வேர். கிளிஃப்டனின் கவிதையிலிருந்து தம் முதற்பாட்டுக்கு ஊக்கம் பெற்றவர், சுந்தியாட்டாவிடம் சொல்லைக் கற்றவர், கன்னத்தில் 'அடிமை' என்று எழுதிய பிரின்ஸுடன் பாடியவர், உண்மையான அடிமைகள் வாழ்ந்து மடிந்த நிலத்தின் பொருளை ஏன் முன்கூட்டியே உணரவில்லை? அவர் வென்றெடுத்த சுயாதீனம் கம்பனியிடமிருந்து பெற்ற சுயாதீனம். வரலாற்றிலிருந்தும், தம் இனத்துக்கு வாய்த்த வசதியிலிருந்தும் அது எவரையும் விடுவிப்பதில்லை. 'நான்' என்று தொடங்கும் பாட்டு, தன் அனுபவத்துக்கு நேர்மையாயிருப்பதனாலேயே உலகின் அனுபவத்துக்கும் நேர்மையாயிருக்கும் என்ற நம்பிக்கை அவரது கலையின் அடிப்படை. பெண்ணின் உடலைப் பற்றிப் பாடும்போது அந்த நம்பிக்கை அவருக்குக் கைகொடுத்தது. நொட்டோவேயில் அது கைவிட்டது. ஏனெனில், அங்கு பேசவேண்டிய அனுபவம் அவருடையதன்று.

பிலிப்ஸின் கதைகளுக்கு இடம்விட்டுத் தாம் ஒதுங்கி நின்ற அதே கலைஞரிடம் இதற்கான விடையும் இருந்தது என்பதே இதிலுள்ள துயரம். பிறர் பேசத் தாம் கேட்டிருத்தல் என்னும் அந்தப் பண்பு அவருக்குப் புதிதன்று. அவசரமான அவ்வேளையில் அது பின்தங்கிவிட்டது.

7

அவருடைய பிற்காலப் பணி இந்நோக்கில் கவனத்துக்குரியது. 1931இல் கெண்டக்கி மாநிலத்தின் ஹார்லன் மாவட்டத்தில் சுரங்கத் தொழிலாளர் போராடியபோது ஃபுளோரன்ஸ் றீஸ் என்ற பெண் இயற்றிய 'விச் சைட் ஆர் யூ ஒன்' என்ற பாட்டை, புதிய அடிகளுடன் 2012இல் அவர் பதிவுசெய்தார். முதுபெரும் பாடகர் பீற் சீகர் அதில் பன்ஜோ வாசித்தார். பஃபலோ நகரில் இடிபடும் நிலையிலிருந்த ஒரு பழைய மெதடிஸ்த தேவாலயம் அவரது நிறுவனத்தின் முயற்சியால் மீட்கப்பட்டு இசையரங்காகவும் கலை நிலையமாகவும் மாறியது. அனயிஸ் மிச்சலின் 'ஹேட்ஸ்ரவுன்' என்ற இசைநாடகப் பாடல்களை 2010இல் அந்நிறுவனமே தொகுப்பாக வெளியிட்டது. அந்நாடகம் 2019இல் பிறோட்வே அரங்கில் மேடையேறி, அவ்வாண்டின் சிறந்த இசைநாடகத்துக்கான ரோனி விருதைப் பெற்றது. அத்தொகுப்பில் பெர்செஃபொனி பாத்திரத்தின் குரலாயிருந்த டிஃபிராங்கோ, 2024இல் அதே பாத்திரத்தில் பிறோட்வே மேடையில் தோன்றினார். தமக்கென்று கட்டிய வீட்டின் கதவைப் பிறர்க்குத் திறந்துவிட்ட இச்செயல்களில், தனிமனித உடைமை பொதுப்பயனை நோக்கி நகர்வதைக் காண்கிறோம்.

இன்று இணையத்தின் வழியாக எவரும் கம்பனியின் துணையின்றிப் பாட்டை வெளியிடலாம். மூலப்பதிவு பாடியவரிடமே இருக்கிறது. ஆனால் பாட்டு கேட்போரை அடையும் பாதை சில பெருநிறுவனங்களின் கையில் இருக்கிறது. நிலம் உழுபவனுடையதாயினும் சந்தைக்குச் செல்லும் தெரு வேறொருவனுடையது என்ற நிலை இது. ஊர் ஊராகச் சென்று தம் பாதையைத் தாமே அமைத்த டிஃபிராங்கோவின் முன்மாதிரி இதனால் பெறுமதி கூடுகிறதேயன்றிக் குறையவில்லை.

தொகுத்து நோக்குமிடத்து, உடைமையை மீட்டதனால் டிஃபிராங்கோவுக்குத் தமது ஒலி கிடைத்தது. தமது பெண்மொழி கிடைத்தது. பிலிப்ஸைப் போன்றோரைக் கேட்கச்செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. சுயவிமர்சனமோ சமூகப் பார்வையோ அதனுடன் தாமாகவே வந்துவிடவில்லை. அவற்றை அவர் தனியே, சில வேளை அவமானத்தின் வாயிலாகவும், தேடிப் பெறவேண்டியிருந்தது. ஒரு கலைஞர் எவரிடம் சம்பளம் பெறுகிறார் என்று கேட்பது விமர்சனத்தின் தொடக்கம். அவர் எவருக்குச் செவிகொடுக்கிறார் என்று கேட்பது அதன் அடுத்த படி. டிஃபிராங்கோவின் முப்பத்தைந்தாண்டு இசைவாழ்வு இவ்விரு வினாக்களையும் சேர்த்துக் கேட்குமாறு நம்மைப் பணிக்கிறது.